மேல் நோட்டு, கீழ் நோட்டு

"நீலத்தாள் தீந்துபோச்சு, நூலகம். போய் ரெண்டு கட்டு வாங்கிட்டு வா."

காலை பத்தரை மணி இருக்கும். யாருடைய கீழ்ப்பல்செட்டையோ குழல்விளக்குக்கு நேராகப் பிடித்துக் கட்டைவிரலால் திருப்பிக்கொண்டிருந்தார் அவர். கையில் எப்போதும் ஒரு புத்தகம் இருப்பதால் எனக்கு நூலகம் என்று பெயர் வைத்திருந்தார். கல்யாணமாகி இரண்டாவது மாதம் வைத்த பெயர்.

"ஒரு கட்டு போதாதா?"

"இந்த வாரம் எல்லாக் கிழவனும் ஒரே நேரத்துல பல்லைக் கேக்குறான். எங்கேயோ பெரிய விருந்து போல."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

வீட்டின் முன்னறைதான் பட்டறை. பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அவர் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை அச்சு எடுப்பார், மெழுகில் பல் பதிப்பார், செட் செய்வார். நான் ஓரம் தேய்ப்பேன், மெருகு போடுவேன், பழுதுக்கு வரும் பழைய செட்டுகளைக் கழுவுவேன். அடுத்தவர் வாயில் கிடந்தவற்றைப் பதினோரு வருடம் கழுவியிருக்கிறேன். இடுக்கில் மூன்று நாள் பழைய சோறு இருக்கும், வெற்றிலைச் சாறு இருக்கும், சில சமயம் பெயர் தெரியாத ஏதோ இருக்கும். ஒரு நாளும் எனக்குக் குமட்டியதில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

நீலத்தாள் என்பது ரிப்பன்போல மெல்லிய மைத்தாள். மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே வைத்துக் கடிக்கச் சொல்ல வேண்டும். எந்தப் பல்லில் நீலம் அழுத்தமாக விழுகிறதோ அந்தப் பல் உயரம். அதை மட்டும் ஒரு மயிரிழை தேய்க்க வேண்டும். "ஒத்தத் தாடையைப் பாத்து எவன் பல்லு கட்டுவான்?" என்பார் அவர். அலமாரியில் மேல் அச்சுகள் ஒரு தட்டிலும் கீழ் அச்சுகள் வேறு தட்டிலும் இருக்கும், ஒன்றோடொன்று இடித்தால் பிளாஸ்டர் உதிரும் என்று. துணியில் சுற்றி மேல், கீழ் என்று எழுதி எண் போட்டிருப்போம். ஆனால் வெளியே கொடுக்கும்போது ஒன்றை விட்டு ஒன்று போகக் கூடாது. பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதில் தவறியதில்லை.

நீலத்தாளோடு நான் திரும்பி வந்தபோது தேய்க்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கன்னத்தை மேசைமேல் வைத்துப் படுத்திருந்தார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். வழியிலேயே முடிந்திருக்க வேண்டும். இதயம் என்றார் மருத்துவர்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய பிறகு என் நாத்தனார், அவருடைய அக்கா, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளைத் தொடுவார் என்று நினைத்தேன்.

"ஓடினியே, ஓடி என்னத்தைக் கண்டே? மூணு நாள் நாங்க சுத்தி உக்காந்திருந்தா அவன் இருந்திருப்பான்."

எனக்கு முதல் தடவையாகக் குமட்டியது அப்போதுதான்.

அந்த மூன்று நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் போகும் வழிபாட்டுக் கூடத்தில் ஒரு விதி உண்டு. காயம் பட்டால் உடனே மருத்துவரிடம் போகலாம். உடம்புக்குள் வரும் நோய்க்கு மட்டும் மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று நாளும் கூடத்து ஆட்கள் முறைவைத்து வந்து நோயாளியோடு இருப்பார்கள், பிரார்த்திப்பார்கள். நான்காம் நாள் மருத்துவரைக் கூப்பிடலாம். என் மாமியாருக்குக் குடல்வால் வெடித்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் போய்விட்டார். அது நடந்து எட்டு வருடம் ஆகிறது.

அதற்குப் பிறகும் என் கணவர் கூடத்தைவிட்டு விலகவில்லை. விலகச் சொன்னவர்களிடம், "கூரை ஒழுகினா கூரையைச் சரிபண்ணுவியா, வீட்டை விட்டு ஓடிடுவியா?" என்று கேட்பார். வருடக் கூட்டத்தில் இந்த விதியைப் பற்றிப் பேச அரை மணி நேரம் கேட்டு வாங்கியிருந்தார். அதற்காக நான்கு மாதம் உட்கார்ந்து எழுதினார்.

இரண்டு நோட்டுகள். அட்டையில் மேல், கீழ் என்று எழுதியிருந்தார். மேல் நோட்டில் கூடத்தின் தரப்பு. அதுவும் "நாம்" என்று தொடங்கி, அந்த விதியை உயிராக நினைக்கும் ஒருவர் பேசுவதுபோல எழுதினார். எழுதியதைத் தன் அக்காவிடம் கொண்டுபோய், "அக்கா, நீங்க சொல்றது இதானே? குறைச்சுச் சொல்லியிருந்தா சொல்லு," என்பார். நாத்தனார் திருத்தம் சொல்வார். இவர் அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். கீழ் நோட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே இவருடைய கேள்வி.

"அவங்க படிச்சுட்டு 'ஆமா, எங்க மனசுல இருக்குறது இதுதான்'னு சொல்லணும். அப்புறந்தான் எனக்குக் கேள்வி கேக்குற உரிமை," என்றார் என்னிடம்.

ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அவருடைய நண்பர், எங்கள் வீட்டில் எதிர்க்கட்சி என்று பெயர், கடவுள் என்ற சொல்லைக் கேட்டாலே தும்முவார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன மாப்ளே, எதிராளிக்கும் நீயேதான் வக்கீலா? ஃபீஸ் யாரு தர்றா?"

"வக்கீல் வேலை இல்லடா. அளவு எடுக்குறேன்."

என் கணவர் இறந்த நான்காம் நாள் கூடத்துப் பெரியவர் வந்தார். கூடத்தை முப்பது வருடமாக நடத்துபவர். துக்கம் விசாரித்தார். பிறகு, "அவர் ஞாபகமா ஏதாவது குடும்மா. அவர் கையால எழுதினது," என்றார். நான் மேல் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அன்று மாலையே எதிர்க்கட்சி வந்து அதையே கேட்டார். கீழ் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதுபோல என் கை பாட்டுக்குக் கொடுத்தது. ஒன்றை விட்டு ஒன்று போகக் கூடாது என்று தெரிந்த கை.

பத்தாம் நாள் கூடத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். பெரியவர் எழுந்து, "தாயை இழந்த ஒரு மகன் எழுதினதைக் கேளுங்க," என்று சொல்லி மேல் நோட்டைப் பிரித்தார்.

"நாம் காத்திருக்கும் மூன்று நாட்கள் வீணாகும் நாட்கள் அல்ல..."

மூன்று பக்கம் படித்தார். என் கணவரின் சொற்கள், என் கணவரின் நிறுத்தங்கள். பெரியவரின் பல்செட் ஒரு இடத்திலும் ஆடவில்லை, வழுக்கவில்லை. அந்த மேல்செட்டும் கீழ்செட்டும் என் கணவர் செய்தவை. நான் மெருகு போட்டவை. அந்தப் பல்லுக்கு நடுவிலிருந்து அந்தச் சொற்கள் எச்சிலோடு வந்துகொண்டிருந்தன. சனங்கள் மூக்கைச் சிந்தினார்கள். படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியவர் சொன்னார்:

"வருடக் கூட்டத்துல இனி அந்தப் பேச்சு இல்லை. கேட்டவரே பதிலையும் எழுதி வெச்சுட்டுப் போயிட்டார்."

நான் வெளியே போய்க் கைகழுவும் தொட்டியில் வாந்தியெடுத்தேன். துக்கம் என்று நினைத்து ஒருவர் முதுகைத் தடவிவிட்டார்.

மறுநாள் காலை எங்கள் கதவிடுக்கில் ஒரு ரோஸ் நிறத் தாள் செருகியிருந்தது. தெரு முழுக்கச் செருகியிருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில், "செத்தவன் வாயால் வந்த உண்மை!" கீழே பல்செட் ஒன்று சிரிக்கும் படம். அதற்குக் கீழே அவருடைய கேள்விகள், வெட்டி, சுருக்கி. இடையிடையே அவர் எழுதாத வரிகள்: மூடக் கூட்டமே, கொலைகாரக் கூடமே, ஆட்டுமந்தையே.

தாளை மடித்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

"வா தங்கச்சி. பாத்தியா? ஆயிரம் காப்பி. இனிமே அவன் பேரு நிக்கும்."

"ஏழாவது கேள்வியைப் பாதியோட வெட்டிட்டீங்களே, அண்ணே."

"இடம் பத்தலை."

"பல்லு சிரிக்குறதுக்கு இடம் இருந்துச்சாக்கும்?"

அவர் கழுத்தைச் சொறிந்தார். "அது சும்மா ஒரு இதுக்கு. ஜனங்க கையில எடுக்கணுமில்ல? வெறும் எழுத்தை எவன் படிக்குறான்?"

"அவர் கேள்வி கேட்டிருந்தார். நீங்க காறித் துப்பியிருக்கீங்க."

"துப்ப வேண்டிய விஷயம்தானே? உன் மாமியாரைக் கொன்னவனுங்க, தங்கச்சி. கொன்னுட்டுப் பாட்டுப் பாடினவனுங்க."

அதில் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் கேட்கச் சகிக்கவில்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டு வந்திருப்பேன். என் மாமியாரின் சாவை எடுத்து இந்த மனிதர் பல்செட் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார். மாமியார் தன் வாயைத் திறந்து பிறர் பார்க்கச் சிரிக்காதவர்.

"நோட்டைக் குடுங்க."

கொடுத்தார். அட்டைமேல் டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை. நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து சொன்னார்: "எனக்கு இனிமே சண்டை போட யாரிருக்கா?" திரும்பிப் பார்த்திருந்தால் மன்னித்திருப்பேன். அதனால் பார்க்கவில்லை.

அங்கிருந்து நேராகப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டு முடித்திருந்தார். பல் இரண்டும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரில் கிடந்தன. தண்ணீரில் கீரைத் துணுக்கு ஒன்று மிதந்தது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார்.

"நான் ஒரு எழுத்துக்கூட மாத்தலையேம்மா. அவர் கையெழுத்துதானே?"

"மாத்தலைங்க ஐயா. அந்த டம்ளர்ல இருக்குறதுல மேல்செட்டை மட்டும் மாட்டிக்கிட்டு உங்களால சாப்பிட முடியுமா?"

டம்ளரைப் பார்த்தார். "அது வேற, இது வேற."

"ரெண்டும் அவர் செஞ்சதுதான். நோட்டைத் தர வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க. வருடக் கூட்டத்துல அவருக்குக் குடுத்த அரை மணி எனக்கு வேணும். மேல் நோட்டை நீங்க படிங்க, கீழ் நோட்டை நான் படிக்குறேன். ஒண்ணுக்கு ஒண்ணு."

"பொம்பளைங்க எழுந்து படிக்குறது..."

"கூடாதுன்னு விதி இருக்குங்களா?"

"விதி இல்லை. வழக்கம் இல்லை."

நான் ரோஸ் தாளை அவர் முன்னால் விரித்துவைத்தேன். சிரிக்கும் பல்லைப் பார்த்ததும் வாயை மறைத்திருந்த கை இன்னும் இறுகியது.

"இதுக்கு நீங்க என்ன பதில் சொல்லப் போறீங்க? அவர் முழுசா என்ன சொன்னார்னு தெரியணும்னா ரெண்டையும் சேத்துப் படிச்சாத்தான் உண்டு."

கடைசியில் தலையாட்டினார். நியாயத்துக்காக அல்ல, அந்தத் தாளுக்காக. அது தெரிந்தும் நான் நன்றி சொன்னேன். அந்த நன்றி வாயில் பழைய எண்ணெய்போல நாள்முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தது.

வருடக் கூட்டத்துக்கு நூறு பேருக்குமேல் வந்திருந்தார்கள். எதிர்க்கட்சிகூட வாசல் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பெரியவர் மேடையில் இடப்பக்கம், நான் வலப்பக்கம். அவர் ஒன்று என்றால் நான் ஒன்று.

மூன்றாவதை அவர் படித்தார். "நோயாளியைத் தனியே விடாத நாட்கள் இவை. தனியாகச் செத்தவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாம் எடுக்கிறோம்." மோட்டார் சத்தத்துக்கு நடுவே மேசைமேல் கிடந்த கன்னம் நினைவுக்கு வந்தது. இத்தனை வருடம் கூடத்துக்குப் போயும் அவர்கள் தரப்பை நான் ஒரு தடவை காதுகொடுத்துக் கேட்டதில்லை. என் எண் வந்தது. படித்தேன்: "உடன் இருப்பதும் மருத்துவர் வருவதும் ஒன்றையொன்று எப்படித் தடுக்கும்? மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார நம்மில் யாருக்காவது தடை உண்டா?"

நான்கு, ஐந்து, ஆறு. ஆறுக்கு அப்புறம் பெரியவர் பக்கம் புரட்டி, "எட்டு," என்றார்.

"ஏழு, ஐயா."

"பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கும்மா."

"குடுங்க, நான் பிரிச்சுத் தர்றேன். பல்லு இடுக்கையே பிரிக்குற கை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தைப் பின்னால் தள்ளினார். அது ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

"ஏழு. அந்த மூன்று நாளும் என் தாயின் வாந்திச் சட்டியைக் கழுவியவர் கூடத்துப் பெரியவர். பெற்ற மகன் எனக்கே குமட்டியது. அவர் முகம் சுளிக்கவில்லை. இந்த விதி கல்நெஞ்சக்காரர்களின் விதி என்று யாராவது சொன்னால் நான் மறுப்பேன். நான் சாட்சி."

குரல் கடைசி வரியில் இறங்கிவிட்டது. அவருக்கு மூச்சு வரட்டும் என்று நான் காத்திருந்தேன். பிறகு படித்தேன்:

"ஏழு. இரண்டாம் நாள் வாந்தி பச்சையாக வந்தது. சட்டியைக் கழுவியவருக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்தும் எதற்காகக் காத்திருந்தார்? இதை நான் குற்றம் சாட்டக் கேட்கவில்லை. சட்டியைக் கழுவிவிட்டு அவர் கொல்லையில் நின்று அழுததை நான் பார்த்தேன். அழுகிற மனிதரையும் காத்திருக்க வைத்தது எது? அதைத்தான் நாம் எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்கிறேன்."

ரோஸ் தாளில் "எதற்காகக் காத்திருந்தார்?" என்பதோடு வெட்டியிருந்தார்கள். தூணுக்குப் பக்கத்தில் நின்றவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வரை படித்து முடித்தோம். முன்வரிசையில் என் நாத்தனார் எழுந்து நின்றார்.

"அம்மா வாந்தி பச்சையாத்தான் இருந்துச்சு. நானும் பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார்.

இப்போதாவது யாராவது அதைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்தேன். நடுவரிசையிலிருந்து ஒருவர் தொண்டையைச் செருமினார். "இது பெரிய விஷயம். அவசரப்படக் கூடாது. அடுத்த வருஷக் கூட்டத்துல நிதானமாப் பேசலாமே?" என்றார். கைகள் எழுந்தன. எவ்வளவு சீக்கிரம் எழுந்தன! இதற்காகவே மடியில் காத்திருந்த கைகள். பெரியவர் கை தூக்கவில்லை, தூக்காதே என்று சொல்லவும் இல்லை. பிறகு தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. வாய் நிறைய பிஸ்கட்டோடு ஒரு அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கணீர்னு படிச்சீங்கம்மா. ரேடியோல வர்ற மாதிரி."

பொடி என் மணிக்கட்டில் தெறித்தது. பதினோரு வருடம் எச்சில் கழுவியவள், அன்று வீட்டுக்கு வந்து மணிக்கட்டைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். மூன்று நாள் காத்திரு என்றால் காத்திருக்கிறார்கள், ஒரு வருடம் காத்திரு என்றால் கை தூக்குகிறார்கள். இந்த ஒரு வருடத்துக்குள் யாருக்கு வயிறு வலிக்கப் போகிறதோ தெரியாது.

இரண்டு வாரம் கழித்துப் பெரியவர் பட்டறைக்கு வந்தார். கையில் மேல் நோட்டு இருந்தது. மேசைமேல் வைத்தார், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"கீழ்செட் உறுத்துதும்மா. அன்னைக்குப் படிச்சதுல இருந்து."

உட்காரச் சொன்னேன். என் கணவர் இறந்த அன்று வாங்கி வந்த நீலத்தாள் கட்டு பிரிக்காமலே கிடந்தது. பிரித்தேன். வாயைத் திறந்தார். இத்தனை பக்கத்தில் அந்த வாய் நாறியது. அந்த வாயிலிருந்துதான் பத்தாம் நாள் அதெல்லாம் வந்தது. மோட்டார் என் வலக்கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு பல்லில் மயிரிழை அதிகமாகத் தேய்த்தால் போதும், சாகும்வரை ஒரு கவளம் அவரால் நிம்மதியாக மெல்ல முடியாது. இது எனக்குத் தோன்றியது. எழுதாமல் விட்டால் நானும் கீழ் நோட்டை வெட்டியவள்தான்.

"கடிங்க, ஐயா."

கடித்தார்.

"இன்னொரு தடவை. ரெண்டு பக்கமும்."

இரண்டு செட்டையும் கழற்றி வாங்கிக் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். எங்காவது ஒரு இடத்தில் அழுத்தம் தெரியும் என்று பார்த்தேன். இடப்பக்கம், வலப்பக்கம், எல்லாப் பல்லிலும் நீலம் ஒரே அளவாக, மெல்லிசாக விழுந்திருந்தது. தேய்க்க ஒன்றுமில்லை.

"என்னம்மா, பல்லு ஏதாவது ஏறி இருக்கா?"

"இல்லீங்க ஐயா," என்றேன். "கடி சரியாத்தான் இருக்கு."